எடைக்குப் போட்ட எழுத்து

என் கொள்ளுப்பாட்டியின் பதினொரு வெள்ளிக் காசுகள் போன வருஷக் கடைசியில் கிள்ளானில் ஒரு நகைக்கடைத் தராசில் ஏறி இறங்கின. அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், ஒரு அரைஞாண் கொடி ஆகியவற்றோடு சேர்த்து எல்லாம் ஒரே எடை. "வெள்ளி வெல ஏறிக் கெடக்குலா, இப்பப் போட்டாத்தான் உண்டு" என்றார் சித்தி. அவர் சொன்னது சரிதான். 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டாலரைத் தாண்டி, 1980 ஜனவரியில் தொட்ட பழைய உச்சத்தை உடைத்திருந்தது. கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார், எடை போட்டார், கழிவு சொன்னார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மிஞ்சியது சித்தி மகள் வாட்சப்பில் அனுப்பிய ஒரு படம். மேசைமேல் பதினொரு காசுகள். எல்லாமே ராஜா தலை மேலே தெரியும்படி. எட்டில் ஏழாம் எட்வர்டு, மூன்றில் ஐந்தாம் ஜார்ஜ். எட்வர்டு காசு ஒன்றில் ராஜாவின் முகத்துக்கு எதிரே இருந்த காலி இடத்தில் ஊசியாலோ ஆணியாலோ யாரோ 'மு' என்று கீறியிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியின் பெயர் முனியம்மா. அது எந்த வருஷத்துக் காசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காசுகளில் வருஷம் பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தை யாரும் படமெடுக்கவில்லை. இந்நேரம் அது மூசையில் உருகி யாருடைய காலிலோ கொலுசாகியிருக்கும்.

இந்தக் கதையை என் நண்பனின் அப்பாவிடம் சொன்னேன். கிள்ளான்காரர், சீனப் பெரியவர். முழுதாகக் கேட்டுவிட்டு உள்ளே போனவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். துணியைப் பிரித்தால் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளிப் பாளம். சீனப் புத்தாண்டுக்கு பேரங்காடிகளில் தங்க நிறத்தில் தொங்கவிடுவார்களே, தோணி மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிய வடிவம், அதன் அசல். பத்து தயேல் எடை, சுமார் 370 கிராம். கையில் வைத்ததும் மணிக்கட்டு தாழ்ந்தது. அவர் மலாயில் சொன்னார்: "இனி புக்கான் பேராக். இனி சூராட்." இது வெள்ளி இல்லை, இது கடிதம்.

அவர் சொன்னதை நான் அலங்காரப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பாளத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோதுதான் புரிந்தது, அவர் வெறும் தகவல் சொல்லியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் சைசி என்று வழங்கும் சொல்லுக்குக் கண்டனீஸில் மெல்லிய பட்டு என்று பொருள். நல்ல வெள்ளியை உருக்கி இரும்பு அச்சில் ஊற்றி ஆற விடும்போது மேற்பரப்பில் பட்டு நூல் போல வட்ட வட்டமாக வரிகள் விழும். அடிப்பக்கம் தேன்கூடு போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அதன்மேல் எழுத்து முத்திரைகளைக் குத்துவார்கள். எந்த வட்டாரம், எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, உருக்கியவர் யார், சில பாளங்களில் அது எந்த வரிக்காகக் கட்டப்பட்ட வெள்ளி என்பது வரை இருக்கும். நிலவரி, உப்புவரி என்று தனித்தனியாக. தரம் குறைந்தால் முத்திரையில் பெயர் உள்ளவர் பதில் சொல்ல வேண்டும். ஆக, ஒரு பாளம் என்பது வரி ரசீது, தரச் சான்றிதழ், தொழிலாளியின் கையெழுத்து எல்லாம் சேர்ந்த ஒரு ஆவணம்.

இதைச் சொன்னதும், "சீனர்கள் எதையும் காப்பாற்றி வைப்பார்கள், நமக்குத்தான் துப்பில்லை" என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். அது பொய். சீனர்கள் தங்கள் பாளங்களில் பெரும்பகுதியை உருக்கித் தீர்த்தார்கள். 1933இல் சீன அரசு தயேல் கணக்கையே ஒழித்து, எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அச்சிட்ட வெள்ளி டாலரில்தான் என்றது. பாளங்கள் நாணயச் சாலைக்குப் போயின. 1934இல் அமெரிக்கா வெள்ளிக் கொள்முதல் சட்டம் போட்டு உலக விலையை ஏற்றிவிட, சீனாவின் வெள்ளி கப்பல் கப்பலாக வெளியே போயிற்று. 1935இல் சீனா வெள்ளியைக் கைவிட்டுக் காகிதப் பணத்துக்கு மாறியது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து சீனக் கிராமத்துப் பெட்டியைக் காலி செய்தது. போன வருஷம் என் சித்தியின் பெட்டியைக் காலி செய்ததும் அதே மாதிரி எங்கேயோ ஏறிய ஒரு விலைதான். வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. மிஞ்சிய பாளங்களைச் சீனர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். எந்த முத்திரை எந்த மாநிலம், எந்தப் பட்டறை எவ்வளவு காலம் நடந்தது என்று பட்டியல் போட்டார்கள். படிக்க ஆள் இருப்பதால்தான் அந்தப் பெரியவரின் பாளத்துக்கு அதன் எடையைவிடப் பல மடங்கு விலை. நம் காசைப் படிக்க ஆள் இல்லை. அதனால் அது எடைக்குப் போகிறது.

படிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

முதலில் நம் வாயில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். கோப்பிக் கடையில், "எவ்ளோ?" என்றால் "ரெண்டு வெள்ளி" என்கிறோம். தாளைக் கொடுத்துவிட்டு வெள்ளி என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் எழுத்தாளர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், நாமும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அது சிரிப்பதற்கில்லை. இந்த மண்ணில் நம் ஆட்கள் முதலில் கையில் வாங்கிய பணம் வெள்ளி டாலர். மலாயில் ரிங்கிட் என்பதற்கும் பல் பல்லாக வெட்டிய விளிம்பு என்றுதான் பொருள், பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பு. மலாய்க்காரர் விளிம்பைப் பெயராக்கினார்கள், நாம் உலோகத்தை. சொல்லை வைத்துக்கொண்டு பொருளை உருக்கிவிட்டோம்.

அடுத்தது காசு. நீரிணைக் குடியேற்றங்களின் சொந்த வெள்ளி டாலர் 1903இல் வந்தது. அதற்கு முன் மெக்சிகோ டாலரும், சீன வணிகத்துக்காக ஆங்கிலேயர் அடித்த வணிக டாலரும் இங்கே புழங்கின. 1904இல் அவை செல்லாமல் போயின. புதிய டாலர்களில் பல பம்பாய் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை. ஆட்களை ஏற்றி வந்த அதே இந்தியாவிலிருந்து அவர்களுடைய கூலிக்கான காசும் கப்பலேறி வந்தது. 1903ஆம் வருஷ டாலர் 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியது. காசின் முகமதிப்பைவிட உள்ளே இருக்கும் வெள்ளிக்கு மதிப்பு கூடினால் ஜனங்கள் உருக்கிவிடுவார்கள் என்று அரசு பயந்தது. 1907இல் காசைச் சிறிதாக்கி 20.2 கிராம் ஆக்கினார்கள். 1919, 1920இல் இன்னும் சிறிது, 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. மூன்றுமே 'ஒரு டாலர்'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சாம்ராஜ்யம் மூசைக்குப் பயந்து சுருங்கிய கதை கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலேயன் பயந்து பயந்து காப்பாற்றப் பார்த்ததை நூறு வருஷம் கழித்து நாம் செய்து முடித்தோம்.

அந்த டாலரின் பின்பக்கத்தில் மூன்று எழுத்துகள் உண்டு. ஆங்கிலம், சீனம், ஜாவி. தமிழ் இல்லை. பம்பாயில் அடித்த காசிலும் தமிழ் இல்லை. அந்த நாணயத்தில் தமிழைச் சேர்த்தது அரசு இல்லை, 'மு' என்று கீறிய கை. 1920களின் கடைசியில் சிலாங்கூர் போன்ற இடங்களில் தோட்டக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. அந்தக் கணக்கில் ஒரு பால்மரக்காரிக்கு ஒரு டாலர் என்பது இரண்டரை நாள் உழைப்பு. பதினொரு டாலர், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்கூட, இருபத்தேழரை நாள். இருட்டில் பிரட்டுக்கு எழுந்து போன இருபத்தேழரை விடியற்காலைகள். இதைச் சித்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லடா" என்றார். அவர் கேட்டது நியாயம். சொல்ல வேண்டியவர்கள் நாம். புத்தகம் படிக்கிற, எழுதுகிற நாம்.

என் கோபம் நகைக்கடைமேல் இல்லை, சித்திமேலும் இல்லை. நம் இலக்கியக் கூட்டத்தின்மேல்.

2025இல் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கு ஆயிரம் வருஷம் என்று எத்தனை போஸ்டர் பார்த்தோம்! ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பலுக்குப் புல்லரிக்கிற நமக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய கப்பலில் வந்தவளின் காசு கண்ணுக்குத் தெரியவில்லை. ராஜாக்களை வரலாறு என்கிறோம். பாட்டியைப் 'பழைய சாமான்' என்கிறோம். இன்னொரு பக்கம் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். லயம், கங்காணி, கிராணி, ஒட்டுப்பால், பனி. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் சமீப காலத்தில் வருபவற்றில் பல ஒரே அழுகையின் நகல்கள். காரணம், எழுதுபவர் கையில் எந்தப் பொருளும் இல்லை. பால் எடுக்கும் மங்கு எந்தக் கனம், வெட்டுக்கத்தியின் நுனி எப்படி மடங்கியிருக்கும், ஒரு டாலர் முந்தானையில் முடிந்தால் எவ்வளவு இழுக்கும் என்று தெரியாமல் எழுதினால் மிஞ்சுவது ஒப்பாரிதான்.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும்.

ஒன்று: காசு சேர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அரிசிக்கு இல்லாதவன் எதைக் காப்பாற்றுவான்? விற்க வேண்டியவர்கள் விற்கட்டும். யாரையும் பட்டினி கிடந்து அருங்காட்சியகம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் எடைக்குப் போடுவதில் அதிகம் இழப்பது ஏழைதான். காசின் ஆண்டு, அச்சகக் குறி, தேய்மானம் பார்த்து விலை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சாதாரணக் காசுக்கு வெள்ளி விலையைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும். அரிய ஆண்டாக இருந்தால் நிறையவே வித்தியாசம் வரும். அதைத் தெரிந்துகொள்ள முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கே படிப்பு என்பது பொழுதுபோக்கு இல்லை, நியாய விலை.

இரண்டு: பொருளைச் சேர்ப்பது உடைமை வெறி, முதலாளித்துவ மனம். இதைச் சொல்பவர்களின் வீட்டில் முதல் பதிப்புப் புத்தகங்களுக்குக் கண்ணாடி அலமாரி இருக்கும்.

மூன்றாவதுதான் கனமான கேள்வி. ஒரு நண்பர் கேட்டார்: "அந்தப் பாளம் அரசாங்கத்தின் வரி வெள்ளி. இந்தக் காசு வெள்ளைக்காரன் ராஜா தலை. நம்மை அடக்கியவனின் முத்திரையை எதற்கு நாம் பூஜிக்க வேண்டும்?" பூஜிக்க வேண்டாம். அந்தப் பாளத்தின் வெள்ளியும் சீன விவசாயியிடம் பிடுங்கியதுதான். அதனால்தான் அது ஆவணம். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் அங்கே தகரச் சீட்டு என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகிற ஆளுக்கு, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடித்த ஒரு உலோக வில்லையைக் கொடுத்து அனுப்புவார்கள். சீனாவில் வெள்ளிக்கு ஊர்ப் பெயரை அடித்தார்கள். இலங்கையில் தமிழனுக்கு எண்ணை அடித்தார்கள். அப்படி ஒரு வில்லையைக் கையில் வைத்துப் பார்ப்பவனுக்கு அடிமைத்தனம் என்றால் என்ன என்று பத்துக் கட்டுரை விளக்க வேண்டியதில்லை. அதைத் தகரம் என்று தூக்கிப் போட்டால் அடித்தவனுக்குத்தான் லாபம்.

1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இதையெல்லாம் பெரும்பாலும் எங்கிருந்து தெரிந்துகொள்கிறோம்? சுட்டவர்களின் கோப்பிலிருந்து. சுடப்பட்டவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தவை தோட்டம் கைமாறியபோது குப்பையோடு போயின. இன்று விளையாட்டரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அந்த லயங்களில் இருந்த பொருள்கள் எங்கே?

நான்கு: அதற்கெல்லாம் அருங்காட்சியகம் இருக்கிறதே? இருக்கிறது. கோலாலம்பூர் சசானா கிஜாங்கில் மத்திய வங்கி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள், பழைய மலாய் ஈயக் காசு முதல் இன்றைய தாள்வரை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த அருங்காட்சியகமும் 'மு'வைத் தேடி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.

நம் ஆட்களில் காசு சேர்ப்பவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. பலருக்குக் காசு என்பது ஒரு முதலீடு. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி, வாட்சப் குழுவில் விலை கேட்பதோடு சரி. யாரிடம் வாங்கினோம், எந்தத் தோட்டத்து வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வைப்பதில்லை. இன்னும் மோசம், 'மு' கீறிய காசை அவர்களிடம் காட்டினால் "சேதம், விலை போகாது" என்பார்கள். வளையம் பற்றவைத்துத் தாலிக்கயிற்றில் கோர்த்த காசு அவர்களுக்குக் கழிசடை.

இங்கேயும் சீனச் சேகரிப்பாளர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. மெக்சிகோ டாலரும் வணிக டாலரும் சீனக் கடைகளில் கைமாறும்போது ஒவ்வொரு கடைக்காரரும் 'நான் சோதித்தேன், நல்ல வெள்ளி' என்று தன் சிறு முத்திரையைக் காசிலேயே குத்திவிடுவார். ஒரு காலத்தில் இதையும் சேதம் என்றுதான் ஒதுக்கினார்கள். இன்று அந்தக் குத்துமுத்திரைகளுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து அதைப் படித்தார்கள், சேதம் சரித்திரமாயிற்று. நம் பெண்கள் கீறிய எழுத்தும் பற்றவைத்த வளையமும் நம் குத்துமுத்திரைகள். அவற்றுக்கு ஒரு பட்டியலை யாராவது தொடங்க வேண்டும்.

தனி ஆளால் என்ன முடியும் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தொல்லியல் துறை அதிகாரி அல்ல, காசு சேர்ப்பவர். 1980களின் நடுவில் அவர் வாங்கிய ஒரு பழைய செப்புக் காசைச் சுத்தம் செய்து பார்த்தபோது 'பெருவழுதி' என்ற பிராமி எழுத்து தெரிந்தது. சங்ககாலப் பாண்டியர் காசு அடித்தார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று கிடைத்தது. கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த 'மாக்கோதை' என்ற பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகளையும் அவர் ஆராய்ந்து எழுதினார். ஆற்றில் கிடைக்கும் வெள்ளி வழக்கமாகப் போய்ச் சேருமிடம் பட்டறை. இடையில் ஒருவர் வாங்கிப் படித்ததால் ஒரு சேர அரசனின் பெயர் உலோகத்தில் மிஞ்சியது. நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. சரண் சிங் என்ற மலேசியர் 1986இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயங்களுக்கு ஒரு முழுக் கலைக்களஞ்சியமே போட்டார். அகராதி தயாராக இருக்கிறது. நாம்தான் வாக்கியத்தை உருக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய இயக்கம் எதுவும் வேண்டாம். வீட்டில் பழைய வெள்ளி இருந்தால் முதலில் அதைத் தேய்க்காதீர்கள். புளி, பற்பசை, சாம்பல் எதுவும் வேண்டாம். நூறு வருஷக் கருப்பைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும், விலையும் போகும். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எடையையும் அகலத்தையும் எழுதுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எப்போது வந்தது, இதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் விற்க வேண்டியிருந்தால் விற்றுக்கொள்ளுங்கள். காசு போனாலும் கடிதம் மிஞ்சும்.

சேகரிக்கும் ஆசை வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீனப் பாளம் என்று சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம். வெள்ளி தண்ணீரைப் போலப் பத்தரை மடங்கு கனம். சமையலறைத் தராசும் ஒரு கிண்ணத் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முத்திரை குத்தியதா, அச்சோடு வார்த்ததா என்று விளிம்பைப் பாருங்கள். உள்ளூரில் பத்துப் பெரியவர்களின் கையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களிடமும் கிள்ளான் தோட்டங்களிலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தவர்களிடமும் கேளுங்கள். சீனப் பாளம் இருக்காது. அதைவிட நமக்கு வேண்டியது இருக்கும்.

எங்கள் தாமானில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வரும். "சூராட் காபார் லாமா, சூராட் காபார் லாமா" என்று பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் கத்தும். பழைய பேப்பர் வாங்குகிற லாரி. அதில் பித்தளைக் குடம் போவதைப் பார்த்திருக்கிறேன், மங்கு போவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு முறை டின் பெட்டி நிறையக் காகிதங்களோடு போவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் சொன்ன 'சூராட்'டும் லாரிக்காரன் கத்தும் 'சூராட்'டும் ஒரே சொல்தான். எடைக்கு எடுத்துக்கொள்ள வாரந்தோறும் ஆள் வருகிறான். படிக்க நாம் இன்னும் கிளம்பவில்லை.

இந்த வாரம் வீட்டு அலமாரியைத் திறங்கள். ராஜா தலையை மட்டும் படமெடுத்துவிட்டு மூடாதீர்கள். காசைத் திருப்பிப் போடுங்கள்.